சர்க்கரை நோயாளியின் கால் புண்ணை ஆற வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோயாளியின் காலில் புண் வந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்தக் களிம்பு போடலாம்?" என்பதுதான். அது ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. இன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய புண்ணா? அதை மிதித்துக்கொண்டே நடக்கிறாரா? காலுக்குப் போதிய ரத்தம் வருகிறதா? உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா? சர்க்கரை எவ்வளவு? இவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கும் களிம்பு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வீண்தான்.

"சர்க்கரைப் புண் ஆறாது" என்று ஊரில் சொல்வதையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான புண்கள் ஆறும். ஆறாமல் நிற்கும் புண்ணுக்குப் பின்னால் கண்டுபிடிக்கக்கூடிய காரணம் ஒன்று, பல நேரங்களில் இரண்டு மூன்று, இருக்கும். இந்த வழிகாட்டி பாதத்திலும் விரல்களிலும் வரும் புண்களை மையமாகக் கொண்டது. கால் இழப்பில் முடிபவை பெரும்பாலும் அவைதான்.

புண் ஏன் நிற்கிறது?

நீண்ட காலம் சர்க்கரை கூடுதலாக இருந்தால் கால் நரம்புகள் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பழுதடைகின்றன. முதலில் எரிச்சல், குத்தல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு, பிறகு மரத்துப்போகும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து வருவார்கள். முள் ஏறியிருக்கும், இரவில் காலுறையைக் கழற்றும்போதுதான் ரத்தக் கறை தெரியும். எரிச்சல் குறைந்ததும் "நரம்பு சரியாகிவிட்டது" என்று மகிழ்பவர்கள் உண்டு. பல நேரங்களில் நரம்பு இன்னும் மோசமாகி, எரிச்சலைக்கூட உணர முடியாத நிலைக்குப் போயிருக்கும். நரம்புப் பழுதினால் வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் மடங்கிக்கொள்ளும், நடக்கும்போது உடல் எடை முழுவதும் சில புள்ளிகளில் மட்டும் அழுத்தும். பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு அப்படிப்பட்ட இடம்.

இரண்டாவது காரணம் ரத்த ஓட்டம். கெண்டைக்காலில் ஓடும் தமனிகள் சர்க்கரை நோயில் அடைபடுகின்றன. புண் ஆறத் தேவையான ஆக்சிஜனும் புரதமும் ஆன்டிபயாட்டிக்கும் ரத்தத்தில்தான் வந்தாக வேண்டும். மூன்றாவது, சர்க்கரை அளவு கூடும்போது கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. சிறு கீறல் வழியாக நுழைந்த கிருமி ஓரிரு நாளில் பாதத்துக்குள் ஆழமாக இறங்கிவிட முடியும்.

இந்த மூன்றில் மரத்துப்போதலின் பங்கை மருத்துவ உலகுக்கு அழுத்தமாக உணர்த்தியதில் தமிழ்நாட்டு மண்ணுக்குப் பங்குண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகால்களைப் பரிசோதித்துவந்தார். தொழுநோயில் சதை தானாகவே அழுகி விரல் உதிர்கிறது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அவர் கண்டது வேறு: வலி தெரியாததால் திரும்பத் திரும்ப அடிபட்டும் சுட்டும் அழுந்தியும்தான் விரல்கள் போகின்றன. தூக்கத்தில் எலி கடித்துப் போன விரல்களும் அதில் சேர்த்தி. நோயாளிகள் வீட்டுக்குப் பூனை கொடுத்தனுப்பிய மருத்துவர் அவர்! பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருத்தினார். எலி விஷயத்தைக் கதை என்று ஒதுக்க வேண்டாம். மரத்த கால் உள்ளவர்கள் தரையில் படுக்கும் வீடுகளில் இன்றும் எலிக்கடிப் புண் வருகிறது.

படி 1: இன்றே போக வேண்டிய புண்ணா?

வெளிச்சத்தில் உட்காரவைத்து இரண்டு பாதங்களையும் பாருங்கள். அடிப்பாதம், குதிகால், விரல் இடுக்கு எதுவும் தப்பக் கூடாது. பார்வை மங்கியவர் தன் காலைத் தானே பார்ப்பது போதாது. வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். தனியாக இருப்பவர் செல்பேசியில் அடிப்பாதத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம்:

- புண்ணைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, அல்லது சிவப்பு மேல்நோக்கிப் பரவுதல்
- காய்ச்சல், நடுக்கம், வாந்தி, குழப்பம், காரணமில்லாமல் எகிறும் சர்க்கரை
- சீழ், துர்நாற்றம், அழுத்தினால் நறநறவென்ற உணர்வு
- விரலோ தோலோ கறுப்பாகவோ நீலமாகவோ மாறுதல்
- எலும்போ தசைநாரோ கண்ணுக்குத் தெரிதல்
- மரத்துக் கிடந்த காலில் திடீரென வலி

கடைசியில் உள்ளதைப் பலர் நல்ல அறிகுறி என்று நினைத்துவிடுகிறார்கள். உணர்வில்லாத காலே வலிக்கிறது என்றால் உள்ளே சீழ் அழுத்துகிறது என்று பொருள் கொள்வதே பாதுகாப்பு. நம்மவர் தோல் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையை வைத்து இரண்டு பாதங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பாதம் தெளிவாகச் சூடாக இருந்தால் அதுவே சாட்சி.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தால் அதுவும் அவசரம்தான். மரத்த பாதத்தில் எலும்புகள் சத்தமில்லாமல் நொறுங்கும் சார்கோ என்ற நிலையாக இருக்கலாம். சுளுக்கு, யூரிக் அமிலம், கிருமித்தொற்று என்று தவறாக எண்ணப்பட்டு வாரக்கணக்கில் நடந்து, பாதத்தின் வளைவே தகர்ந்துபோனவர்கள் உண்டு. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் காலை ஊன்றாமல் இருப்பது நல்லது.

அறிகுறி எதுவும் இல்லாத சிறு புண்ணாக இருந்தாலும் ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு முன் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படம் பிறகு மிகவும் பயன்படும்.

படி 2: மிதிப்பதை நிறுத்துதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அடிப்பாதப் புண்ணுக்கு முதல் மருந்து, அதன் மேல் எடை விழாமல் செய்வது. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் இது ஒன்று தவறினால் புண் ஆறாது. நல்ல நரம்பு உள்ளவர் காலில் புண் வந்தால் வலி பொறுக்காமல் நொண்டுவார், அந்த நொண்டலே அவரைக் குணப்படுத்துகிறது. மரத்த காலுக்கு அந்த வலி இல்லை. எனவே நொண்டலை நாமாக ஏற்படுத்த வேண்டியிருக்கிறது.

அதற்குச் சிறந்த வழி மாவுக்கட்டு. எலும்பு முறிந்தவருக்குப் போடுவது போலத்தான், ஆனால் பாதத்தின் வடிவத்தோடு முழுமையாக ஒட்டியபடி முழங்காலுக்குக் கீழ் வரை போடப்படும். அழுத்தம் புண்ணில் குவியாமல் பாதம் முழுவதும், கெண்டைக்கால் சுவரிலும் பங்கிடப்படுகிறது. கட்டோடு அளவாக நடக்கவும் முடியும். 1930களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் தொழுநோய்ப் புண்களுக்கு இப்படிக் கட்டுப் போட்டு நோயாளிகளை நடக்க விட்டார். பின்னர் பால் பிராண்ட் அதைச் சர்க்கரை நோயாளிகளிடம் பரவச் செய்தார். ரத்த ஓட்டம் நன்றாக உள்ள, தொற்று இல்லாத அடிப்பாதப் புண் இதில் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் மூடிவிடும். முதல் கட்டைச் சில நாட்களிலேயே மாற்றுவார்கள், ஏனெனில் வீக்கம் வற்றியதும் கட்டு தளர்ந்து உரசத் தொடங்கும். பிறகு வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாற்றினால் போதும். தொற்று கடுமையாக இருந்தாலோ ரத்த ஓட்டம் மிகவும் குறைந்திருந்தாலோ இதைப் போட மாட்டார்கள். பழக்கம் உள்ளவர்தான் போட வேண்டும். சரியாகப் போடாத மாவுக்கட்டு புதிய புண்ணை உண்டாக்கிவிடும்.

கழற்றி மாட்டும் பூட்ஸ் போதாதா என்று கேட்கலாம். எல்லா நேரமும் போட்டிருந்தால் போதும். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், கழற்றக்கூடிய காலணி கொடுக்கப்பட்டவர்களின் நடையைக் கருவி வைத்து அளந்தார்கள். எடுத்துவைத்த அடிகளில் 28 சதவீதம் மட்டுமே அந்தக் காலணியோடு எடுத்தவை. வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுகிறோம். நம் நடையில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான். வாசலில் செருப்பை விடும் பழக்கம் ஊறிய நம் வீடுகளில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனவே கழற்ற முடியாத கட்டே நல்லது. இல்லையென்றால் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தத் தனியாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சில அழுத்தங்கள் வெளிநாட்டுக் கையேடுகளில் இருப்பதில்லை. தரையில் குந்தும் கழிப்பறையில் உட்காரும்போது உடல் எடை முன்பாதத்தில் ஏறும். விரல் அடியில் புண் இருப்பவர் புண் ஆறும்வரை மேற்கத்தியக் கழிப்பறையோ, கடையில் கிடைக்கும் கழிப்பறை நாற்காலியோ பயன்படுத்த வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கணுக்காலின் வெளிப்புற எலும்பு தரையில் அழுந்துகிறது, அந்த இடத்துப் புண் ஆறாமல் இருப்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். சாப்பாடு, பூஜை, தொழுகை எல்லாம் சில மாதங்களுக்கு நாற்காலியில் நடக்கட்டும். குதிகாலில் புண் உள்ளவர் படுக்கும்போது கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட வேண்டும். சமையலறையில் நிற்பதும் நடைக்கு நிகர்தான். புண்ணோடு இருக்கும் அம்மாவைப் பார்த்து "எங்கேயும் நடக்கவில்லை, வீட்டில்தான் இருக்கிறார்" என்று சொல்லும் பிள்ளைகள், அவர் அடுப்பு முன்னால் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று ஒரு நாள் கணக்கெடுத்துப் பார்க்கலாம்.

காய்ப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். புண்ணின் விளிம்பில் தடித்துக் கிடக்கும் தோல், செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் போல ஒவ்வோர் அடிக்கும் உள்ளே அழுத்துகிறது. அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கட்டிப் புண் வளரும். மருத்துவர் அதைச் சீவி எடுப்பார். மரத்த காலில் பெரிதாக வலிக்காது, சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும். சீவிய பிறகு புண் பெரிதாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; அதுதான் அதன் உண்மையான அளவு. வீட்டில் பிளேடால் வெட்டுவதும், கால் ஆணிக்கென்று விற்கும் அமிலப் பிளாஸ்டரை ஒட்டுவதும் விபரீதத்தில் முடியும்.

படி 3: காலுக்கு ரத்தம் வருகிறதா?

பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி துடிக்கும். மருத்துவர் இரண்டையும் தொட்டுப் பார்த்தாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அடுத்த சோதனை, கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.9 முதல் 1.3 வரை வருவது இயல்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. சர்க்கரை நோயில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால், ரத்தம் குறைவாக ஓடினாலும் எண் நன்றாக இருப்பதாகக் காட்டும். 1.3க்கு மேல் வந்தால் மகிழ வேண்டியதில்லை, சந்தேகப்பட வேண்டும். பெருவிரலின் அழுத்தத்தை அளப்பது இவர்களுக்கு நம்பகமானது. அது 30 மி.மீ.க்குக் கீழே என்றால் ரத்தக்குழாய் மருத்துவரை அவசரமாகப் பார்க்க வேண்டும். டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம் செய்து, பலூன் சிகிச்சையாலோ பைபாஸாலோ அடைப்பைத் திறக்கலாம்.

நடந்தால் கெண்டைக்கால் வலிக்கவில்லை என்பதால் அடைப்பு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. நரம்பு மரத்தவருக்கு அந்த வலியும் தெரியாமல் போகலாம். பீடியோ சிகரெட்டோ புகையிலையோ பழக்கம் இருந்தால் அது இன்றோடு நிற்க வேண்டும். இதில் "குறைத்துக்கொள்கிறேன்" என்ற பேரத்துக்கு இடமில்லை.

கணுக்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், உயிருக்கு உடனடி ஆபத்தான தொற்று இருந்தாலொழிய, "ரத்தக்குழாய் பரிசோதனை முடிந்துவிட்டதா? அடைப்பைத் திறக்க வழி இருக்கிறதா?" என்று கேட்டுப் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதே சமயம், அழுகிய ஒரு விரலை எடுக்கச் சொல்லும்போது பயந்து வீட்டுக்கு ஓடிவந்துவிடுவதும் தவறு. விரலோடு போக வேண்டியது முழங்கால்வரை ஏறுவது பெரும்பாலும் இப்படி ஓடிவந்த வாரங்களில்தான்.

படி 4: தொற்றும் ஆன்டிபயாட்டிக்கும்

எல்லாப் புண்ணிலும் கிருமி இருக்கும். கிருமி இருப்பது வேறு, தொற்று வேறு. சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு தெரிந்தால்தான் தொற்று என்கிறார்கள். தொற்றில்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் சீக்கிரம் ஆறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மருந்துக்கடையில் கேட்டு ஐந்து மாத்திரை வாங்கி விழுங்கினால், அடுத்த முறை உண்மையில் தேவைப்படும்போது அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிதான் காலில் இருக்கும். எலும்புக்குப் போகாமல் சதையோடு நிற்கும் தொற்றுக்கு வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு வாரம் மருந்து போதும். எந்த மருந்து என்று தீர்மானிக்க, புண்ணைச் சுத்தம் செய்த பிறகு ஆழத்திலிருந்து எடுத்த சதைத் துணுக்கைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து அடையாளம் காணும் சோதனைக்கு) அனுப்புவது நல்லது. மேலே பஞ்சால் தொட்டெடுத்தது பல நேரங்களில் திசை திருப்பும்.

விரல் முழுவதும் உப்பிச் சிவந்திருந்தாலோ, பல வாரமாகியும் புண் ஆழமாகவே இருந்தாலோ எலும்பில் தொற்று இருக்கலாம். மருத்துவர் மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார், கடினமாகத் தட்டுப்பட்டால் சந்தேகம் வலுக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கலாம். எலும்புத் தொற்றுக்கு அறுவை செய்யாவிட்டால் ஆறு வாரம் வரை மருந்து தொடரும். உள்ளே சீழ் கட்டியிருந்தால் எந்த ஆன்டிபயாட்டிக்கும் தனியாக உதவாது, கீறித்தான் வெளியேற்ற வேண்டும்.

படி 5: சர்க்கரை

தொற்று சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை தொற்றை வளர்க்கும். இந்த வட்டத்தை வேகமாக உடைக்க மருத்துவர் இன்சுலின் எழுதினால் தயங்காதீர்கள். புண் ஆறிய பிறகு பலர் மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அவசியம்தான், ஆனால் ஆற வேண்டிய புண்ணுக்கு இன்றைய அளவு தெரிய வேண்டும். வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் பார்த்து எழுதி வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள் என்பது இலக்கு. முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மருத்துவர் சற்றுத் தளர்த்திச் சொல்வார். தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவது அவர்களுக்கு இன்னும் ஆபத்து.

மெட்பார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது குறைந்தாலும் கால் மரக்கும். ரத்தசோகையையும் கூடவே பார்த்துவிடலாம்.

படி 6: கட்டுப் போடுதல்

இப்போது களிம்புக் கேள்விக்கு வரலாம். விடை ஏமாற்றம் தரும்: பெரும்பாலான புண்ணுக்கு எளிய கட்டே போதும்.

கையை சோப்பால் கழுவிக்கொண்டு பழைய கட்டை எடுங்கள். ஒட்டியிருந்தால் சலைனில் நனைத்து, பிய்க்காமல் கழற்றுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் பாட்டிலால் புண்ணைக் கழுவுங்கள். கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து அன்றைக்கே பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். சுற்றியுள்ள தோலை ஒற்றித் துடைத்து உலரவைத்து, சுத்தமான, ஒட்டாத காஸ் வைத்து, இறுக்காமல் சுற்றுங்கள். எடுத்த கட்டை முகர்ந்தும் பாருங்கள். நாற்றம் மாறியிருந்தால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு உறிஞ்சும் வகைக் கட்டு, வறண்ட புண்ணுக்கு ஈரம் தரும் ஜெல் என்று மருத்துவர் மாற்றித் தருவார்.

புண்ணைக் காற்றாட விட்டால் காய்ந்து ஆறும் என்பது பழைய நம்பிக்கை. 1962இலேயே பிரிட்டனில் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றித் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. ஈரம் வேறு, ஊறல் வேறு: சுற்றுத்தோல் வெளுத்து ஊறிப்போனால் கட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே ஒரு விலக்கு, ரத்தம் இல்லாமல் காய்ந்து கறுத்துவிட்ட விரல். அதை நனைக்கக் கூடாது. உலர்ந்தபடியே வைத்து ரத்தக்குழாய் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால் ஆகியவற்றைப் புண்ணுக்குள் ஊற்றாதீர்கள். கிருமியோடு புதிதாக முளைக்கும் செல்களும் அவற்றில் சாகும். மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், பற்பசை எல்லாம் அடைபோல் படிந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவிடாமல் மறைத்துவிடும். கடைகளில் விற்கும் ஆன்டிபயாட்டிக் பவுடரும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை முக்கி வைப்பதை நான் இன்னும் கடுமையாகக் கண்டிப்பேன். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்புளித்த பிறகுதான் புரியும்.

படி 7: பத்தியத்தை விடுங்கள்

புண் என்றதும் முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு சீழ் வைக்கும், கத்தரிக்காய் அரிக்கும் என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசம் சோறும் பிரட்டும் மட்டும் மிஞ்சும் வீடுகள் ஏராளம். மாவுச்சத்து ஏறிச் சர்க்கரை கூடும். புதுச் சதை வளரத் தேவையான புரதம் கிடைக்காது. இரண்டு வகையிலும் நட்டம். உண்மையிலேயே ஒவ்வாமை இருப்பவரைத் தவிர யாருக்கும் இந்த விலக்கு தேவையில்லை.

ஆறாத புண் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் 20, சுண்டலுக்கு ஊறப்போடும் 50 கிராம் கொண்டைக்கடலையில் 10, சாம்பாருக்கு வேகவைக்கும் 50 கிராம் துவரம்பருப்பில் 11, பாலும் தயிருமாக 400 மில்லியில் 13 என்று சேர்த்தால் 66 வரும். மீதியை இட்லி, தோசை, சாதம் தந்துவிடும். சைவர்கள் மீனுக்குப் பதில் பனீர், சோயா, வேர்க்கடலை என்று கூட்டிக்கொள்ளலாம். நெல்லிக்காய், கொய்யா, கீரை தாராளமாகச் சேரட்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், புரத அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

படி 8: நான்காவது வாரத்தில் அளந்து பாருங்கள்

முதல் நாள் எடுத்த படத்தை இப்போது எடுங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் தோராயமான பரப்பு கிடைக்கும். அன்று 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 6. நான்கு வாரத்தில் அது 3 அல்லது அதற்குக் கீழே வந்திருந்தால் பன்னிரண்டு வாரத்துக்குள் மூடிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. பாதியாகவில்லை என்றால் அதே கட்டை அதே முறையில் தொடர்வதில் பயனில்லை. நடை, ரத்த ஓட்டம், எலும்புத் தொற்று, சர்க்கரை, சாப்பாடு என்று முதலிலிருந்து திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் "கட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறோம்" என்பது சிகிச்சை ஆகாது. நீண்ட நாள் ஆறாத விசித்திரமான புண்ணில் ஒரு துணுக்கு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வதும் உண்டு.

எதிர்மறை அழுத்தக் கருவி (மூடிய கட்டின் வழியாகப் புண்ணின் நீரை உறிஞ்சி எடுப்பது), தோல் ஒட்டு, வளர்ச்சிக் காரணி ஜெல், அழுத்த ஆக்சிஜன் அறை ஆகியவை இந்த இடத்தில்தான் வரும். அறுவைக்குப் பிந்தைய பெரிய காயத்துக்கு எதிர்மறை அழுத்தக் கருவி நன்றாகவே உதவுகிறது. மற்றவை சிலருக்கு மட்டும். அடைப்பைத் திறக்காமலும் மிதிப்பதை நிறுத்தாமலும் இவற்றுக்குப் பணம் கட்டுவது வீண் செலவு.

படி 9: ஆறிய பிறகு

புண் ஆறியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள்ளும், 65 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டுக்குள்ளும் மறுபடி வருகிறது. மூடிய தோல் மெல்லியது, நரம்பும் பழையபடி திரும்பவில்லை. எனவே முதல் சில வாரங்கள் நடையைச் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள்.

செருப்பு இனி மருந்துச்சீட்டில் இருக்க வேண்டிய பொருள். வேலூர்ப் பகுதியில் தொழுநோயாளிகளுக்காகப் புழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். செருப்பு, அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் மென்மையான நுண்துளை ரப்பர் தளமும் முள் ஏறாத கெட்டியான அடியும் கொண்டது. குதிகாலைச் சுற்றிப் பட்டை இருக்க வேண்டும், இல்லையென்றால் விரலை மடக்கி இழுத்தபடி நடக்க வேண்டியிருக்கும். விரல் நடுவே வார் உள்ள செருப்பு வேண்டாம். வாங்குவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி உண்மையான அளவு தெரியும். போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். மெட்டி இறுகினால் கழற்றிவிட வேண்டும். இருசக்கர வண்டியின் சைலன்சரில் சுட்டுக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது.

கோயில் விஷயத்தில் கோபப்பட வேண்டாம். மதிய வெயிலில் பிராகாரத்துக் கல் மரத்த காலைக் கொப்புளிக்க வைத்துவிடும். விடியற்காலையிலோ மாலையிலோ போய், கெட்டியான காலுறை அணிந்து, சுருக்கமாகச் சுற்றி வாருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். ஒருமுறை புண் வந்த காலுக்கு வெறுங்காலில் அது வேண்டாம். வண்டியில் சுற்றி வந்தால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

தினமும் இரவில் பாதத்தைக் கழுவி விரல் இடுக்கை ஒற்றித் துடைத்து, பாதத்திலும் குதிகாலிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இடுக்கில் மட்டும் தடவாதீர்கள், ஊறிச் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலைகளைத் தோண்ட வேண்டாம்.

இதுவரை புண் வராத சர்க்கரை நோயாளிகளும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிப் படுக்கவைத்து, இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை விரலால் லேசாக ஓரிரு நொடி தொடுங்கள். தட்டவோ அழுத்தவோ கூடாது. எந்தக் காலில் தொட்டீர்கள் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் கால் மரத்திருக்கிறது. மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உணர்வும் ரத்த ஓட்டமும் நன்றாக உள்ள பாதத்தை ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்தால் போதும். இரண்டில் ஒன்று மட்டும் குறைந்தவர் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டும் குறைந்தவரோ, ஒன்று குறைந்து கூடவே பாதத்தின் வடிவமும் மாறியவரோ 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும் காட்ட வேண்டும். ஒருமுறை புண் வந்து ஆறியவர் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். போகும்போது புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். அன்றாடம் போடும் பழைய செருப்போடு போனால், அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்தே அடுத்த புண் எங்கே வரக்கூடும் என்று மருத்துவரால் ஓரளவு கணிக்க முடியும்.